பற்றரியைக் கொன்றது மாமா இல்லை

பெற்றோல் ஓட்டோவின் எஞ்சின் பழுதானால் ஊர் எஞ்சினைத் திட்டும். கொம்பனியைத் திட்டும், எண்ணெயைத் திட்டும், றோட்டைத் திட்டும். பற்றரி ஓட்டோவின் பற்றரி செத்தால் மட்டும் திட்டு வேறு பக்கம் திரும்புகிறது. "நீங்கள் எப்பிடிப் பாவிச்சனீங்கள்?" விற்றவர் கேட்கிறார். கடன் கொடுத்தவர் கேட்கிறார். ஒரு நாளும் ஓட்டோ ஓட்டாத, பேஸ்புக்கில் மட்டும் சூழலைக் காப்பாற்றுகிற நண்பரும் கேட்கிறார். கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அதற்காகப் பதில் சொல்லாமல் நழுவப் போவதில்லை. மாமா எப்படிப் பாவித்தார் என்று ஒன்றும் விடாமல் சொல்லுகிறேன். பிழைகள் இருக்கின்றன. அதில் பெரிய பிழை ஒன்று என்னுடையது.

மாமா 17 வருசமாக ஓட்டோ ஓடுகிறவர். 2022 யூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விலையைக் கூட விடுங்கள், சாமான் இருக்கேல்லை. கியூஆர் வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்றார்கள். மாமாவுக்கு அது ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் ஓட்டம். மிச்ச நாட்களில் அவர் பெற்றோல் செட் வாசலில் பின் சீற்றில் கால் மடக்கிப் படுத்திருந்தார். மாமி சாப்பாடு கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பா. அந்த வருசம் வாழ்ந்த ஒருவர் அடுத்த வருசம் பற்றரிக்கு மாறினால் அதற்குப் பெயர் சூழல் உணர்வு இல்லை, பயம். நல்ல பயம்தான்.

எஞ்சினைக் கழட்டி மோட்டர் பூட்டினார்கள். பின் சீற்றுக்குக் கீழே இரும்புப் பெட்டி அடித்து அதுக்குள்ளே நாலு ஈயப் பற்றரி. ஒவ்வொன்றும் 12 வோல்ற், 100 அம்பியர் மணி. லிதியம் போட்டிருக்கலாம், காசு காணாது. மாற்றின செலவுக்கு எடுத்த கடன் 36 மாதம். பற்றரி ஓடினது 14 மாதம். இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் மாதங்களில் ஒரு சார்ஜில் 60 கிலோமீற்றருக்கு மேலே ஓடினது. பதினாலாம் மாதம், கோண்டாவிலில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஒரு ஹயர் போய்த் திரும்ப முன்னமே மூச்சு வாங்கியது. விற்ற இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நின்ற தம்பி ஒரு மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி பாக்கேல்லை, வாரண்டி இல்லை" என்றார். ஒரு நிமிசம் கூட ஆகவில்லை. மற்ற மூன்று பற்றரியையும் அவர் திறக்கவே இல்லை.

மாமா தண்ணி பார்த்தவர். அதுதான் கொடுமை. இரண்டு தரம் ஊற்றினவர். எங்கட கிணற்றுத் தண்ணியை, சீலைத் துண்டால் வடித்து, பக்குவமாக ஊற்றினவர்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி எப்படியென்று உங்களுக்குத் தெரியும். கேத்திலின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும். அதே கல்சியமும் உப்பும் பற்றரித் தகட்டுக்குப் போனால் தகடு மெல்ல மெல்லக் கெடும். ஈயப் பற்றரிக்கு ஊற்ற வேண்டியது வடித்தெடுத்த தண்ணி, கடையில் பற்றரித் தண்ணி என்று போத்தலில் விற்பது. அசிட் ஊற்றக்கூடாது, ஏனெண்டால் ஆவியாகிப் போறது தண்ணிதான், அசிட் உள்ளேயே நிற்கும். ஊற்றுகிற நேரமும் முக்கியம். தகடு வெளியில் தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் ஒழிய, சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஏறும்போது உள்ளே இருக்கிறது பொங்கும். முதலே நிரப்பி வைத்தால் அசிட் வழிந்து பெட்டியைத் தின்னும். மாமாவின் இரும்புப் பெட்டியின் அடி ஏன் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. இதில் எந்த வசனமும் விண்வெளி விஞ்ஞானம் இல்லை. ஒரு தமிழ்ப் பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கத்தை மாமாவிடம் ஒருத்தரும் கொடுக்கவில்லை.

அடுத்தது பெற்றோல் பழக்கம். 17 வருசம் தாங்கியில் எண்ணெய் அடி முட்டும் வரை ஓடி, பிறகு செட்டுக்குப் போன மனிசன். தாங்கி வெறுமையானதால் தாங்கி நோகாது. பற்றரி நோகும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்க இறக்க அதன் ஆயுள் குறையும். இறக்கினதைவிட மோசம், இறக்கின பற்றரியை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கிறது. சார்ஜ் இறங்கும்போது தகட்டில் ஈய சல்பேற் படியும். உடனே ஏற்றினால் அது திரும்பக் கரைந்து போகும். கிடக்க விட்டால் பளிங்கு மாதிரி இறுகும், பிறகு கரையாது. இறுகின இடம் அவ்வளவும் உங்கள் பற்றரியில் இல்லாத இடம். ஓடாமல் நிற்கிற 12 வோல்ற் பற்றரியில் மீற்றரை வைத்தால் 12.7 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி முடிந்துவிட்டது. மாமாவின் ஓட்டோவில் பூட்டிக் கொடுத்த காட்டியில் எண் ஒன்றும் இல்லை, ஐந்து பச்சைக் கோடு மட்டும். கடைசிக் கோடு சிவப்பாகும்போது வீட்டுக்குத் திரும்பினால் சரி என்று அவர் நினைத்தார். நீங்களும் நானும் என்ன நினைத்திருப்போம்?

இனி என்னுடைய பிழை. மாற்றின புதுசில் நான் யூரியூப்பில் இரண்டு மூன்று வீடியோ பார்த்தேன். கலைப்பீடத்துப் பிள்ளைக்கும் கொஞ்சம் ரெக்னோலொஜி தெரியும் என்று காட்ட ஒரு சந்தர்ப்பம். "மாமா, முழுக்க ஏத்தக்கூடாது, 80 வீதத்தோட நிப்பாட்டுங்கோ, அப்பதான் பற்றரி கனகாலம் நிக்கும்" என்று சொன்னேன். "நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று அவர் அப்படியே செய்தார். கவனமாகச் செய்தார். இரவில் எழும்பி வந்து பிளக்கைக் கழட்டுவார்.

நான் சொன்னது போனுக்கு. லிதியத்துக்கு. ஈயப் பற்றரிக்கு அது நஞ்சு. ஈயத்தை ஒவ்வொரு நாளும் முழுக்க ஏற்ற வேண்டும். கடைசி இருபது வீதம் மெதுவாகத்தான் ஏறும், பல மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் சல்பேற் முழுக்கக் கரையும், பின்தங்கி நிற்கிற அறைகளும் மற்றவையோடு சமனாகும். அதை ஒவ்வொரு இரவும் வெட்டினால் பற்றரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பசியோடு எழும்பும். ஆக, கவனமில்லாதவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட மனிசன் என் பேச்சைக் கேட்டு நடு இரவில் எழும்பிப் பற்றரியைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அக்கறை அவரிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

நான் சொல்லாமல் விட்டிருந்தாலும் முழுக்க ஏற்றியிருப்பாரா என்பது வேறு கதை, அது பில்லின் கதை. நாலு பன்னிரண்டு 48, அதை நூறால் பெருக்கினால் 4800. அதாவது 4.8 யூனிற், கறண்ட் பில்லில் வருகிற அதே யூனிற்தான். ஏறும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும். ஒரு நல்ல நாள் ஓட்டத்துக்கு இரவில் சுவரில் இருந்து 5 யூனிற் மட்டில் இழுக்கும் என்று வையுங்கள். மாதம் 26 நாள் ஓடினால் 130 யூனிற். எங்கட வீட்டுப் பாவனை 70 யூனிற் மட்டில். கூட்டினால் 200. எங்கட நாட்டு வீட்டுக் கட்டணம் படிக்கட்டு மாதிரி. 60, 90, 120, 180 என்று ஏற ஏற ஒரு யூனிற்றின் விலையும் ஏறும். மாமாவின் ஓட்டோ வந்த மாதமே எங்கட வீடு 180 ஐத் தாண்டி மேல் படியில் போய் நின்றது. ஏசி அறையில் படுக்கிறவருக்கும் ஹயருக்கு ஓடுறவருக்கும் ஒரே படி. பில்லைப் பார்த்த மாமா ஓட்டம் குறைந்த நாட்களில் சார்ஜ் போடாமல் விட்டார். "இண்டைக்குப் பாதிதானே முடிஞ்சது, நாளைக்குச் சேர்த்துப் போடுவம்." சிக்கனமாக இருந்த ஒவ்வொரு இரவும் தகட்டில் சல்பேற் இறுகியது.

நேரத்துக்கேற்ற கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. இரவு 10.30 இல் இருந்து காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 இல் இருந்து 10.30 வரை விலை கூட. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. எங்கட வீட்டு மீற்றர் அந்த வகை இல்லை என்பதை விடுங்கள். 10.30 இல் இருந்து 5.30 வரை எத்தனை மணித்தியாலம்? ஏழு. நல்லாய் இறங்கின 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி சாதாரண சார்ஜரில் முழுக்க ஏற எட்டு, ஒன்பது, சில நேரம் பத்து மணித்தியாலம் எடுக்கும். அதோடு மாமா விடிய ஐந்து மணிக்கு மரக்கறி மூட்டைக்காகச் சந்தைக்குப் போக வேண்டும், அது முடியப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பற்றரியின் நேரமும் கட்டணத்தின் நேரமும் தொழிலின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதை "பாவனையாளர் பிழை" என்று ஒரு வாரண்டி அட்டையில் எழுதிவிடலாம்.

வெக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பற்றரியின் சூடு 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பத்துப் பாகை ஏறவும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுகிற கணக்கு. வைகாசி மாதம் மத்தியானம் பஸ் ஸ்ராண்ட் பக்கம் வெறும் வெயிலில் நிற்கிற ஓட்டோவின் இரும்புப் பெட்டிக்குள் எத்தனை பாகை இருக்கும்? ஓடி வந்த உடனே பிளக்கைப் போடாமல் அரை மணித்தியாலம் ஆற விட வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும், பெட்டிக்குக் காற்றுப் போக வழி விட வேண்டும். காற்று இன்னொன்றுக்கும் தேவை. ஏறும்போது வருகிற ஐதரசன் நெருப்புப் பிடிக்கும், பக்கத்தில் பீடி பத்தக்கூடாது. எல்லாம் சரி. நிழலில் நிறுத்தச் சொல்லுகிறவர்களிடம் நான் கேட்கிறது, எந்த நிழலில்? ஸ்ராண்டில் நின்ற மரத்தை றோட்டு அகலிக்க வெட்டினார்கள். காருக்குக் கூரை போட்ட கடைகளின் முன்னால் ஓட்டோ நின்றால் எழுப்பிவிடுகிறார்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரயரில் காற்றுக் குறைந்தால் பற்றரிக்குத்தான் பாரம், கிழமைக்கு ஒருக்கால் பார்க்க வேணும். பின் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினால் லேசாய்ச் சுற்ற வேண்டும். உரசினால் பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நிற்கிற இடத்தில் இருந்து இழுத்து எடுக்கிற மாதிரி ஓடினால் ஈயப் பற்றரி தன் கணக்கைவிடக் குறைவாகத்தான் தரும். தலையில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தால் அப்பச்சோடாவைச் சுடுதண்ணியில் கரைத்துக் கழுவலாம், ஆனால் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டும் போகக்கூடாது. பிறகு துடைத்து வசிலீன் பூசி நட்டை இறுக்க வேண்டும்.

நாலு பற்றரி வரிசையாகப் பூட்டியிருப்பதைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும், அந்தக் கடைத் தம்பி ஒன்றைத் திறந்து தீர்ப்புச் சொன்னாரே, அதனால். வரிசையில் எல்லாவற்றுக்குள்ளாலும் ஒரே கறண்ட்தான் ஓடும். ஒன்று மெலிந்தால் ஓடும்போது அதுதான் முதலில் முடியும். மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு இன்னும் கீழே கொண்டுபோகும். ஏற்றும்போது சார்ஜர் நாலையும் சேர்த்துத்தான் பார்க்கும், எது பசியில் இருக்கிறது எது நிரம்பி வழிகிறது என்று அதுக்குத் தெரியாது. மெலிந்தது நிரம்பாமல் நிற்க, நல்லது மேலே மேலே ஏறிக் கொதிக்கும். கடைசியில் நாலும் போகும். தொடக்கத்தில் ஒன்று மெலிந்து வந்ததா, நாலும் ஒரே திகதியில் செய்ததா, அல்லது ஒன்று கடையில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்ததா என்பதெல்லாம் விற்றவருக்குத் தெரியக்கூடிய விசயங்கள். மாமாவுக்குத் தெரிய வழியே இல்லை. அது எதையும் கேட்காமல் தண்ணியை மட்டும் பார்த்தார்கள்.

அந்த மனுவல். 20 பக்கத்துக்கு மேலே இருக்கும், முழுக்க ஆங்கிலம், சில இடங்களில் அந்த ஆங்கிலமே விளங்காது. வாரண்டி நிபந்தனைகள் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில். அதன் கீழே மாமாவின் கையெழுத்து, தமிழில், அழகாய்ப் போட்டிருக்கிறார். தான் வாசிக்காத பன்னிரண்டு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டேன் என்று. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. அரச அலுவலகத்துப் பெயர்ப் பலகையில் ஒரு எழுத்துப் பிழைத்தால் நாங்கள் படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம், சண்டை பிடிக்கிறோம். பிடிக்கத்தான் வேணும். ஆனால் ஒரு மனிசனின் மூன்று வருசக் கடனைத் தீர்மானிக்கிற தாளில் ஒரு தமிழ் எழுத்துமே இல்லை என்பதற்கு எங்களில் ஒருத்தரும் படம் எடுத்துப் போடவில்லை.

அந்த மனுவல் பதினாலு மாதமும் எங்கட வீட்டு ஷோகேசில், என் பரிசுக் கேடயங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதே மாதங்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நாங்கள் நாலு பேர் சேர்ந்து தென்னமெரிக்கக் கவிதை ஒன்றை ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தோம். ஒரு சொல்லுக்கு "ஏக்கமா தவிப்பா" என்று கன்ரீனில் இரண்டு மணித்தியாலம் வாதாடினோம். அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் கேவலப்படுத்தவில்லை, எனக்கு அது பிடிக்கும், திரும்பவும் செய்வேன். ஆனால் மொழிபெயர்ப்பு என்றால் கவிதை, மிஞ்சினால் கோட்பாடு என்று நாங்கள் வைத்திருக்கிற எல்லை ஆர் போட்டது? "முழுக்க ஏற்றாமல் விடாதே" என்ற ஒரு வசனத்தை மொழிபெயர்க்க இந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், யூரியூப்பைக் கேட்டு அதற்கு நேர் எதிரானதைச் சொன்னாள்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சொன்னது: "தமிழில குடுத்தாலும் ஓட்டோக்காரர் வாசிக்கவா போயினம்?" படித்த ஆட்களின் வாயில் இருந்து இந்த வசனம் எவ்வளவு இலேசாக வருகிறது. சரி, ஒத்துக்கொள்ளுகிறேன். ஆறு பிள்ளைகளை ஏற்ற வேண்டிய இடத்தில் பத்துப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்றுப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். கார் வைத்திருக்கிற விரிவுரையாளர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் பொருளைக் காப்பாற்றத் தெரியாத சனம் என்று இந்த ஊரைப் பார்த்துச் சொல்ல ஆருக்கும் தகுதி இல்லை. 90களில் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. கறண்ட் இல்லை. அம்மா ஆக்கள் சைக்கிளைத் தலைகீழாய் வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்கள். செத்த ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மணித்தியாலம் பிடுங்கினவர்கள். ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோலைக் காட்டிவிட்டு மிச்சத் தூரம் மண்ணெண்ணெய்யில் மோட்டார்சைக்கிள் ஓட்டினவர்கள். அதைப் பொற்காலம் என்று எழுத நான் வரவில்லை. மருந்தில்லாமல் போனவர்கள் எங்கட குடும்பத்திலும் இருக்கிறார்கள். நான் சொல்ல வாறது, அந்தச் சாமான்கள் திறந்து கிடந்தன. கழட்டலாம், பார்க்கலாம், பிழை விடலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கலாம். அறிவு கையில் இருந்து கைக்குப் போனது.

இனி வாறது திறக்க முடியாதது. எங்கட ஸ்ராண்டில் ஒரு அண்ணை லிதியம் போட்டு ஓடுகிறார். அவருடைய பெட்டிக்குள் 16 அறை, ஒவ்வொன்றும் 3.2 வோல்ற். அதைக் காவல் காக்க ஒரு எலக்ரோனிக் பலகை, பி.எம்.எஸ். என்பார்கள். அவருடைய பற்றரிக்கு நியாயம் வேறு. பாதியில் நிறுத்தினாலும் கோபிக்காது. முழுக்க நிரப்பி வெயிலில் நாட்கணக்கில் சும்மா வைத்தால்தான் கெடும். கனநாள் நிறுத்தி வைப்பதென்றால் பாதியளவில் வைக்க வேண்டும். ஆனால் இடைக்கிடை ஒருக்கால் முழுக்க ஏற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அறைகள் சமனாகாது, மீற்றரும் பொய் சொல்லும். ஈயப் பற்றரியின் சார்ஜரை அதுக்குப் பூட்டக்கூடாது. ஸ்ராண்டில் மாமாவும் இந்த அண்ணையும் ஆளுக்காள் புத்திமதி சொல்லிக்கொள்ளுவார்கள், இரண்டு பேரும் தங்கள் தங்கள் பற்றரிக்குச் சரி, மற்றவரின் பற்றரிக்குப் பிழை. நான் ஒரு நாள் பக்கத்தில் நின்று கேட்டேன், சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை.

அந்த அண்ணையின் பலகைக்குள் எல்லாம் பதிவாகிறது. எந்த அறை மெலிகிறது, எவ்வளவு சூடு ஏறினது, எத்தனை தரம் அடிமட்டம் போனது, எல்லாம். அதைப் பார்க்கிற செயலி விற்றவரின் போனில் இருக்கிறது. அண்ணையின் போனில் வேலை செய்யாது, கடவுச்சொல் கேட்கும். நாளைக்கு அவருடைய பற்றரி செத்தால் அந்தப் பதிவைத் திறந்து, "நீங்கள் இத்தனை தரம் அடிமட்டம் போட்டிருக்கிறீங்கள்" என்று அவருக்கே காட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கின பற்றரி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஒன்பதாவது அறை போன வருசமே மெலியத் தொடங்கினது என்றும் அதே பதிவில் இருக்கும். அதை அவருக்கு அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்க ஆளில்லை.

"பற்றரி ஓட்டோ எல்லாம் ஏமாத்து, பெற்றோல்தான் சரி" என்று இதைப் படித்துவிட்டு ஒருத்தர் எழுதுவார், எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். 2022 இல் வரிசையில் கிடந்தது மாமா, நீங்கள் இல்லை. அவர் இன்னும் பற்றரியில்தான் ஓடுகிறார், பெற்றோலுக்குத் திரும்பும் யோசனை அவருக்கு இல்லை. அவருக்குத் தேவை ஏமாற்றாத பற்றரி. விற்கிறவர் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். வாரண்டியை மறுக்கிறவர் நாலு பற்றரியையும் அளந்து எண்களை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கட்டும். பலகையின் கடவுச்சொல் வாகனச் சொந்தக்காரனின் கையில் இருக்கட்டும். தொழிலுக்கு ஓடுகிற ஓட்டோவுக்குப் படிக்கட்டில் ஏறாத தனிக் கட்டணம் ஒன்று வரட்டும். பற்றரிக்கு 36 மாதக் கடன் கொடுக்கிறவர் பற்றரி 36 மாதம் நிற்கும் என்று தானும் கொஞ்சம் பொறுப்பு எடுக்கட்டும். இவற்றில் ஒன்றுக்குக்கூடப் புதுக் கண்டுபிடிப்புத் தேவையில்லை.

செத்த பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். ஈயத்துக்கு விலை இருப்பதால் இரும்புக்காரர் கிலோக் கணக்கில் வாங்குவார்கள், அசிட்டை ஊற்றிவிட்டு வந்தால் பாரம் குறைவு, தூக்க இலேசு. தயவுசெய்து வளவுக்குள் ஊற்றாதீர்கள். கீழே சுண்ணாம்புக் கல், கல்லெல்லாம் வெடிப்பு, நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை நாங்கள் பார்த்துவிட்டோம். ஈயம் மிதந்து காட்டாது, சின்னப் பிள்ளைகளின் மூளைக்குப் போகும். பற்றரியை உடைக்காமல் முழுசாகக் கொடுங்கள்.

எங்கட பக்கத்தில் இப்போது நடப்பது சின்ன வேலை. முதலில் சொன்ன அந்தக் கவிதைக் கோஷ்டி நாலு பேரும் மனுவலை எடுத்து வைத்திருக்கிறோம். ஈயத்துக்கு ஒரு பக்கம், லிதியத்துக்கு ஒரு பக்கம், இரண்டும் கலந்து போகாத மாதிரி வேறு வேறு நிறத் தாளில். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற ஒரு நண்பன் பிழை பார்க்கிறான். "டிஸ்சார்ஜ்" என்பதற்கு என்ன போடுவது என்று திரும்பவும் இரண்டு மணித்தியாலம் சண்டை. "மின்னிறக்கம்" என்று நான் நின்றேன். ஸ்ராண்டில் கொண்டுபோய்க் கேட்டால் "இறங்கிறது" என்றார்கள். அதையே போட்டோம். ஸ்ராண்டுக்காரர் தலைக்குக் கொஞ்சம் போட்டு மல்ரிமீற்றர் ஒன்றும், அசிட்டின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றும் வாங்கினார்கள். இரண்டும் கச்சான் விற்கிற ஆச்சியின் பெட்டிக்குள் இருக்கும், தேவையானவர் எடுக்கலாம். உங்கள் ஊர் ஸ்ராண்டுக்கு அந்தத் தாள் வேண்டுமென்றால் எழுதுங்கள். உங்கள் ஊரில் வேறு வகைப் பற்றரி இருந்தால் மனுவலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மாமாவுக்கு இரண்டாவது செற் பற்றரி வந்துவிட்டது, திரும்பவும் ஈயம்தான். மாமியின் காப்பு அடைவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டம் குறைவு, பின் சீற்றைக் கழட்டி நாலு பற்றரியின் 24 அறையையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். மாமா குழாயை விட்டு இழுத்து எண்ணைச் சொல்ல, நான் கொப்பியில் எழுதுவேன். நிரம்பின அறை 1.265 க்குக் கிட்ட நிற்க வேண்டும். போன ஞாயிறு 23 அறை சரி. மூன்றாவது பற்றரியின் இரண்டாவது அறை 1.21.

"இவன் ஒருத்தன் பின்னுக்கு நிக்கிறான், பிள்ளை" என்றார் மாமா. இன்றைக்கு இரவு அந்த ஒரு பற்றரியை மட்டும் தனியக் கழட்டி, கராஜில் இரவல் வாங்கின 12 வோல்ற் சார்ஜரில் விடிய விடியப் போடப் போறாராம்.